இணையத்தில் பேசினால் சட்டம் மாறுமா?

அரசு ஒரு சட்டமோ விதியோ கொண்டுவரும்போது மக்கள் இணையத்தில் கூடி விவாதித்து அதைத் திருத்த முடியுமா, இல்லை எல்லாம் வெறும் கூச்சலில்தான் முடியுமா என்பது கேள்வி. லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்ற ஆதங்கமும், நான் ஒருவன் எழுதி அனுப்பினால் யார் படிக்கப்போகிறார்கள் என்ற சந்தேகமும் கேள்வியோடு சேர்ந்தே வந்திருக்கின்றன.

முடியும். நடந்தும் இருக்கிறது. ஆனால் நடந்த இடங்களைப் பார்த்தால், எத்தனை பேர் பேசினார்கள் என்பது அங்கே பெரிய காரணமாக இருக்கவில்லை. வரும் கருத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் யார், எத்தனை நாளில் சொல்லவேண்டும், ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதித் தரவேண்டுமா என்பதெல்லாம் பேச்சு தொடங்கும் முன்பே முடிவாகியிருந்தன. இது இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான தளம் கட்டினாலும் அது சாவி தொலைந்துபோன புகார்ப்பெட்டிதான்.

தைவானில் இருந்து தொடங்குகிறேன். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் தைவானைத்தான் இழுக்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாகவே புகழ்கிறார்கள். இருந்தாலும் விவரமாகப் பார்க்கத் தகுந்த கதை அது.

2014 மார்ச் 18 அன்று தைபேயில் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அவையையே பிடித்துவிட்டார்கள். சீனாவுடனான சேவை வர்த்தக ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாக விவாதிக்காமல் ஆளுங்கட்சி அவசரமாக நகர்த்தியது என்பது அவர்கள் கோபம். ஏப்ரல் 10 வரை உள்ளேயே இருந்தார்கள். சூரியகாந்தி இயக்கம் என்று அதற்குப் பெயர் வந்தது. அவைக்குள் நடப்பதை வெளியில் இருப்பவர்கள் நேரலையில் பார்க்க, கவ்-ஸீரோ என்ற தன்னார்வக் கணினிக் குழுவினர் கம்பி இழுத்து, கேமரா வைத்து ஏற்பாடு செய்தார்கள். அரசின் தகவல்களை மக்களுக்குப் புரியும்படி இணையத்தில் மாற்றித் தருவதற்காக 2012-இல் கூடிய குழு அது.

2014 டிசம்பரில் இந்தக் குழு நடத்திய கூட்டம் ஒன்றுக்கு, எந்த அரசை எதிர்த்துப் போராட்டம் நடந்ததோ அதே அரசின் அமைச்சர் ஜாக்லின் சாய் நேரில் வந்தார். ஐபிஎம் நிறுவனத்தில் சட்ட ஆலோசகராக இருந்தவர் அவர். சட்ட வரைவுகளைச் சமூகம் முழுவதும் அறிவோடு விவாதிக்க ஒரு தளம் கட்டித் தாருங்கள் என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் வி-தைவான். அமைச்சர் கேட்டுக் கட்டியது என்பதால், பதில் சொல்ல ஆள் தயாராக இருந்தார். சம்பந்தப்பட்ட அமைச்சகம் தளத்தில் எழும் கேள்விகளுக்கு ஏழு நாளுக்குள் பதில் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் எடுத்துக்கொண்ட விஷயம் யாருக்கும் ரத்தம் கொதிக்காத ஒன்று: சிறு தொழில்முனைவோருக்கு ஏற்றபடி, பங்குதாரர் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கான சட்டம். 2015-லேயே அது சட்டமானது. பழகிக்கொள்ள இப்படி ஒரு சாதுவான விஷயத்தைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். முதல் நாளே சாதி, மதம், மொழி என்று தொடங்கியிருந்தால் தளம் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

அடுத்து ஊபர் வந்தது. உரிமம் இல்லாத ஓட்டுநர்கள் செயலி வழியாக வண்டி ஓட்டுகிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று வாடகைக் கார் ஓட்டுநர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். வண்டி உடனே கிடைக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று பயணிகளில் ஒரு சாரார் மறுபக்கம் நின்றார்கள். 2015 கோடையில் சில வாரங்களுக்கு இந்த விவாதம் போலிஸ் என்ற மென்பொருளில் நடந்தது. காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான ஒரு கருவியின் பெயர் அது.

இந்தக் கருவி வேலைசெய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். உங்கள் முன் யாரோ ஒருவர் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் வரும். ஏற்கிறேன், ஏற்கவில்லை, இப்போதைக்கு விடுகிறேன், இந்த மூன்றில் ஒன்றை அழுத்தலாம். அடுத்த வாக்கியம் வரும். நீங்களும் ஒரு வாக்கியம் எழுதிப் போடலாம், மற்றவர்கள் அதன்மேல் வாக்களிப்பார்கள். ஆனால் யாருக்கும் பதில் எழுத முடியாது. பதில் பொத்தானே கிடையாது. ஒருவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, நீ யார், உன் கட்சி எது, போன வருடம் நீ என்ன சொன்னாய் என்று இழுத்துக்கொண்டு போக அங்கே வழியே இல்லை. பேஸ்புக்கில் நூறு பின்னூட்டங்கள் விழும் சண்டைகளில் முதல் நான்கு மட்டும்தான் விஷயத்தைப் பற்றி இருக்கும், மீதி எல்லாம் ஆளைப் பற்றி இருக்கும் என்பதைப் பார்த்திருப்பீர்கள். பதில் பொத்தானை எடுத்தால் அந்த மீதி நின்றுவிடுகிறது.

அப்புறம் கணக்கு. ஒரே மாதிரி வாக்களிப்பவர்களைக் கருவி ஒரு கூட்டமாகச் சேர்த்துப் படமாகக் காட்டும். ஊபர் விஷயத்தில் தொடக்கத்தில் எதிர்பார்த்தபடியே இரண்டு கூட்டங்கள் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்தன. ஆனால் முன்னுக்கு வருவது பெரிய கூட்டம் சொல்லும் வாக்கியம் இல்லை. இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலோர் ஏற்கும் வாக்கியம்தான் முன்னுக்கு வரும். இதனால் மக்கள் எழுதும் விதமே மாறத் தொடங்கியது. எதிர்த்தரப்பைத் திட்டி எழுதிய வாக்கியம் தன் கூட்டத்தோடு நின்றுவிடும், யார் கண்ணிலும் படாது. எதிர்த்தரப்பும் தலையாட்டக்கூடியதாக எழுதினால்தான் மேலே வரும். அதனால் கைதேர்ந்தவர்கள் வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். வண்டிக்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநர் பதிவு செய்திருக்கவேண்டும், வரி கட்டவேண்டும், அதே நேரம் பழைய வாடகைக் கார் தொழிலும் சேவைத் தரத்தை ஊபர் அளவுக்கு உயர்த்திக்கொள்ள அரசு இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பவற்றில் இரு தரப்பும் சேர்ந்தன. ஊபரை விரட்டு, ஊபரை அப்படியே விடு என்ற இரண்டு முழக்கங்களும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதோடு விட்டிருந்தால் இது ஒரு நல்ல கருத்துக்கணிப்பு, அவ்வளவுதான். ஆனால் அடுத்து ஒரு கூட்டம் நடந்தது, நேரலையில். போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள், ஊபர் நிறுவனத்தார், வாடகைக் கார் சங்கத்தினர், துறை அறிஞர்கள் என்று எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இணையத்தில் சேர்ந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் ஏற்ற ஒரு வாக்கியத்தை நேரலையில் மறுப்பது லேசான காரியம் இல்லை. 2016-இல் புதிய விதி வந்தது. மஞ்சள் வண்ணம் பூசாத வண்டியும் செயலி வழியாக ஓடலாம், ஆனால் பதிவும் காப்பீடும் வரியும் உண்டு என்ற வகையில் ஒரு புதிய வாடகைக் கார் வகை உருவானது.

கதையின் மீதிப் பகுதியைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை. புதிய விதி வந்தும் ஊபர் உரிமம் இல்லாத வண்டிகளை நிறுத்தவில்லை. அபராதத்தை அரசு பெரிதாக உயர்த்தியது. 2017 பிப்ரவரியில் ஊபர் தைவானில் சேவையையே நிறுத்திவிட்டு, ஏப்ரலில், டாக்ஸி நிறுவனங்களோடு இல்லாமல், கார்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களோடு கூட்டு வைத்துத் திரும்பிவந்தது. அந்த ஏற்பாட்டைக் கட்டுப்படுத்த 2019-இல் இன்னொரு விதித் திருத்தம். ஆக, இணைய விவாதம் சண்டையை முடித்துவைக்கவில்லை. எதைப் பற்றிச் சண்டை போடவேண்டும் என்பதைச் சுருக்கித் தந்தது. என் கணக்கில் அதுவே பெரிய விஷயம்.

எல்லாமே இப்படி நடந்துவிடவும் இல்லை. இணையத்தில் மது விற்பனை பற்றி 2016-இல் அதே முறையில் விவாதித்து ஓரளவு இணக்கமும் வந்தது. சட்டம் அந்த வேகத்தில் நகரவில்லை. வி-தைவான் சொல்வதை அரசு ஏற்றே ஆகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. நடத்தியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கேட்ட அமைச்சர் போனார், ஆர்வமும் குறைந்தது. 2018-க்குப் பிறகு தளத்தில் பழைய சுறுசுறுப்பு இல்லை. நாட்டின் எண்ணிம (டிஜிட்டல்) அமைச்சராக ஆட்ரி டாங் 2016-இல் பதவியேற்றதை வைத்து வெளிநாட்டு ஊடகங்கள் வி-தைவானைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

நின்று வேலைசெய்தது அரசே நடத்திய இன்னொரு தளம். ஜாயின் என்று பெயர், 2015-இல் தொடங்கியது. ஒரு கோரிக்கைக்கு 60 நாளில் 5,000 ஆதரவு கிடைத்தால், சம்பந்தப்பட்ட துறை எழுத்தில் பதில் தந்தாகவேண்டும். 2017 அக்டோபரில் அங்கே ஒரு விசித்திரமான கோரிக்கை வந்தது. சீனாவோடு ஒரே நேர மண்டலத்தில் இருக்கிறோம், ஒரு மணிநேரம் முன்னால் தள்ளி ஜப்பான், கொரியா நேரத்துக்கு மாறுவோம் என்றார்கள். உடனே, மாறக்கூடாது என்று எதிர்க் கோரிக்கை. இரண்டுக்கும் தலா 8,000 பேர் வரை சேர்ந்தார்கள். நம் ஊரில் இதை எப்படிக் கையாண்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே அரசு உட்கார்ந்து கணக்குப் போட்டது: கணினிகளை, விமான அட்டவணைகளை, பங்குச் சந்தையை மாற்ற எவ்வளவு செலவாகும், மின்சாரம் உண்மையிலேயே மிச்சமாகுமா என்று. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசியதில், மாறச் சொன்னவர்களின் உள்ளக்கிடக்கை கடிகாரம் இல்லை, தைவான் தனி நாடு என்று உலகுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் என்று புரிந்தது. இவ்வளவு செலவு செய்து கடிகாரத்தை மாற்றினால் அது நடக்காது, அதற்கு வேறு வழிகள் உண்டு என்று விளக்கி எழுதினார்கள். கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குக் காரணம் கிடைத்தது.

பதில் சொல்லும் கடமை மட்டும் இருந்தால் போதாது என்பதற்குப் பிரிட்டன் உதாரணம். அங்கே நாடாளுமன்றக் கோரிக்கைத் தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், ஒரு லட்சத்துக்கு அவை விவாதம் பற்றிப் பரிசீலனை என்று விதி உண்டு. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று 60 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அரசு மாட்டோம் என்றது, ஒரு விவாதமும் நடந்தது, 2020 ஜனவரி 31 அன்று நாடு வெளியேறியது. பொதுவாக்கெடுப்பிலேயே முடிவான விஷயத்தைக் கையெழுத்தால் மாற்றமுடியாது என்பதில் நியாயமும் இருக்கிறது. ஆம்-இல்லை என்று மட்டும் கேட்கும் இடத்தில் பேச்சுக்கு வேலை இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இணையத்தால் கொள்கை மாறியதற்குத் தெளிவான உதாரணம் இணையச் சமநிலை விவகாரம், அதாவது இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சேவைகளையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்ற வாதம். 2015 மார்ச் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள், சாதாரண ஆள் படிக்கமுடியாத ஆங்கிலம். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து அதைச் சுருக்கி, ஒரு இணையதளம் கட்டி, 20 கேள்விக்கும் மாதிரிப் பதில்கள் எழுதிவைத்தார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு, பிடிக்காததைத் திருத்தி நேராக டிராய்க்கு அனுப்பலாம். சில வாரங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. டிராய் வழக்கப்படி எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட்டது. அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டது! கருத்துச் சொன்ன குற்றத்துக்கு லட்சக்கணக்கானோர் முகவரி விளம்பரக்காரர்கள் கைக்குப் போனது. வெளிப்படைத்தன்மை என்றால் கருத்தை வெளியிடுவது. ஆளின் முகவரியை வெளியிடுவது இல்லை என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த டிசம்பரில் இரண்டாவது சுற்று. ஒவ்வொரு சேவைக்கும் வெவ்வேறு டேட்டா கட்டணம் வைக்கலாமா என்று டிராய் நான்கு கேள்விகள் கேட்டது. இந்த முறை பேஸ்புக் நிறுவனமே களத்தில் இறங்கியது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தைக் காப்பாற்ற, தன் பயனர்களுக்கு ஒரு பொத்தானைக் காட்டி, அழுத்தினால் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் போகும்படி செய்தது. லட்சக்கணக்கில் போயின. ஆனால் அந்தக் கடிதம் ஃப்ரீ பேசிக்ஸ் நல்லது என்று மட்டும் சொன்னது. கேட்ட நான்கு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அறிந்து முடிவெடுப்பதற்கான கலந்தாய்வை நீங்கள் தலையெண்ணும் வாக்கெடுப்பாக்கிவிட்டீர்கள் என்ற பொருளில் டிராய் பேஸ்புக்குக்குக் காட்டமாகவே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டணங்களைத் தடைசெய்யும் விதி வந்தது. ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது.

இரண்டு சுற்றிலும் போனது அச்சடித்த கடிதம்தானே, முதலாவதை ஏற்று இரண்டாவதை எப்படித் தள்ளலாம் என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை. முதல் கடிதம் கேட்ட கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொன்னது, இரண்டாவது சொல்லவில்லை. அதே விதியின் விளக்கக் குறிப்பில் டிராய் இரு தரப்பு வாதங்களையும் எடுத்துவைத்து, இதை ஏற்கிறோம், இதை ஏன் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தால் தெரியும், அங்கே வேலைசெய்தவை சில நூறு நல்ல கடிதங்கள்தான். லட்சங்கள் செய்தது வேறு வேலை: விஷயத்தை நாளிதழின் முதல் பக்கத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுபோனது.

காரணம் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே டிராய் அதே ஆண்டில் அனுபவித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தால் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் தரவேண்டும், நாளுக்கு மூன்று முறை வரை என்று டிராய் ஒரு விதி போட்டிருந்தது. மக்களுக்குப் பிடித்த விதி. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வந்த கருத்துகளை டிராய் எப்படிப் பரிசீலித்தது என்று தெரியவில்லை, வெளிப்படைத்தன்மை இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல, விதி போடும் எந்த அமைப்பும் முன்னறிவிப்புக் கொடுத்து, கருத்துக் கேட்டு, காரணம் எழுதவேண்டும் என்று பொதுவான சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் கொண்டுவரலாமே என்றும் தீர்ப்பில் யோசனை சொன்னார்கள். அப்படி ஒரு சட்டம் வரவில்லை. 2014-இல் மத்திய அரசு முடிவுசெய்த சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை ஒன்று இருக்கிறது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்கவேண்டும் என்கிறது. கொள்கைதான், சட்டம் இல்லை. மீறினால் யாரும் கேட்கமுடியாது. எத்தனையோ மசோதாக்கள் அதைத் தாண்டிப் போயிருக்கின்றன.

அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதே, அங்கே சரியாக நடக்கிறதா? 2017-இல் இதே இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி அவர்களது தகவல்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கைப்படி அதில் சுமார் 1 கோடியே 80 லட்சம் போலி. 85 லட்சம், விதிகளை நீக்க விரும்பிய, இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரத்தில் இருந்து வந்தவை. சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பிலும் ஒரு பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர் தனியாக உட்கார்ந்து, இல்லாத பெயர்களில் 77 லட்சம் அனுப்பியிருக்கிறார். அது செயற்கை நுண்ணறிவுக்கு முந்தைய காலம். அன்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்ததை வைத்துப் போலியைப் பிடிக்கமுடிந்தது. இன்று ஒரு லட்சம் கடிதத்தையும் ஒன்றுக்கொன்று ஒட்டாத நடையில், ஊர்ப்பெயரோடு, எழுத்துப்பிழையோடு எழுதவைக்கலாம். எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டும் காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இங்கே யாரை விவாதத்துக்குள் விடுகிறோம் என்பது இன்னொரு சிக்கல். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, அதாவது பெரிய திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் சூழலுக்கு என்ன கேடு என்று பார்க்கும் விதிகளின் புதிய வரைவு, வந்தது நினைவிருக்கும். தூத்துக்குடி மீனவரையும் டெல்டா விவசாயியையும் நேராகப் பாதிக்கும் விஷயம். ஆனால் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருந்தது, அதுவும் ஊரடங்குக் காலத்தில். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கருத்து அனுப்பும் காலக்கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்துச் சொல்ல மக்களை அழைத்துவிட்டு, அவர்கள் மொழியில் தரமாட்டோம் என்று வழக்காடுவதை என்னவென்று சொல்வது? அதே நேரத்தில் இந்த வரைவுக்கு எதிராக மின்னஞ்சல் அனுப்பச் சொன்ன இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் முடக்கப்பட்டன. லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் போனதென்னவோ உண்மை.

மொழி கிடைத்தாலும் கைபேசி யார் கையில் இருக்கிறது என்பது இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் மூன்றில் ஒருவர்தான். இப்போது கூடியிருக்கும். என்றாலும் ரேஷன் கடை பற்றிய கொள்கையை இணையத்தில் மட்டும் விவாதித்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் அதில் இருக்கமாட்டார். கிராம சபையும் கருத்துக்கேட்புக் கூட்டமும் எத்தனை குறையோடு நடந்தாலும் இணையம் அவற்றுக்கு மாற்றாக முடியாது.

ஐஸ்லாந்து இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தபின் புதிய அரசமைப்பு எழுத முடிவெடுத்தார்கள். 2010-இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 950 பேரை ஒரு நாள் கூட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அப்புறம் 25 பேர் கொண்ட மன்றம் 2011-இல் வரைவை எழுத எழுத இணையத்தில் போட்டு, பேஸ்புக்கிலும் கருத்து வாங்கித் திருத்தியது. 2012 அக்டோபரில் மக்களிடம் கேட்டபோது வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவே இல்லை. அழகான செயல்முறை, ஆனால் கடைசிக் கதவின் சாவியை வைத்திருந்தவர்கள் முன்கூட்டியே எந்த வாக்கும் தரவில்லை.

விவாதம் கூச்சலாகாமல் இருக்க என்ன செய்வது என்பதற்குப் பழைய பதில் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1994-இலேயே தொடங்கிய இ-டெமாக்ரசி என்ற அமைப்பு, ஊர் விஷயங்களைப் பேச மின்னஞ்சல் குழுக்கள் நடத்தியது. சொந்தப் பெயரில்தான் எழுதவேண்டும், ஒருவர் நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் எழுதக்கூடாது. இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த விவாதத்திலும் பத்துப் பேர்தான் பாதிக்கு மேல் பேசுகிறார்கள். இரண்டு முறைதான் என்றால் கோபத்தில் ஒன்றை வீணடிக்க மனம் வராது, மற்றவருக்கும் இடம் கிடைக்கும். சொந்தப் பெயர் விதியை நம் ஊரில் அப்படியே வைக்கத் தயங்குவேன். மணல் கொள்ளை பற்றிச் சொந்தப் பெயரில் எழுதச் சொல்வது வம்பு. நடத்துபவருக்கு ஆள் யாரென்று தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரியவேண்டியதில்லை.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி: நான் ஒருவன் எழுதினால் யார் படிப்பார்கள்?

முதலில், மற்றவர் எழுதியது உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். டிராய் வெளியிடுகிறது, அதற்கு மறுப்பு எழுதவும் தனியாக நாள் தருகிறது, திறந்த கூட்டமும் நடத்துகிறது. இதற்கு நேர்மாறாக, 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்கு மத்திய அரசின் மைகவ் தளம் வழியாகக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகளை யாருக்கும் வெளியிடமாட்டோம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பெரிய நிறுவனம் என்ன கேட்டது, அதற்காக எந்த வரி மாறியது என்று நமக்குத் தெரியவே வராது. இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பும் கருத்தை நீங்களே பொதுவில் வெளியிட்டுவிடுங்கள். நான்கு பேர் அப்படிச் செய்தால் அதுவே ஒரு விவாதம்.

கடிதத்தில் உணர்ச்சியைக் குறைத்து, பிரிவு எண்ணைப் போடுங்கள். இந்த உட்பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள் இருக்கவேண்டும், காரணம் இது என்று எழுதினால் அதிகாரி அதைத் தன் அட்டவணையில் ஒரு வரிசையாகப் போட்டே ஆகவேண்டும். பொதுவாக எதிர்க்கிறேன் என்று எழுதினால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகப் போகும். உங்கள் தொழிலில் இருந்து ஒரு விவரம் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. படகு எந்த மாதத்தில் கரையில் நிற்கும் என்பது டெல்லியில் வரைவு எழுதுபவருக்குத் தெரியாது. தமிழிலேயே எழுதலாம்.

முடிவு வந்தபின் விட்டுவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புள்ள விவரங்களை வெளியிடவும், பாதிக்கப்படுவோருக்கு நிர்வாக முடிவுகளின் காரணங்களைத் தரவும் அரசு அமைப்புகளுக்குக் கடமை விதிக்கிறது. எத்தனை கருத்து வந்தது, இந்த உட்பிரிவு குறித்து வந்தவற்றைத் தொகுத்த கோப்புக் குறிப்பின் நகல் தாருங்கள் என்று மனுப் போடலாம். வரைவையும் இறுதி அறிவிக்கையையும் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்துக் கேட்டால் மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம். அதற்கு வரைவு வெளியான அன்றே ஒரு நகலை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.